உபயப் பலகையின் நிழல்

லம்பாசா,
ஜூன் 2012

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு, ரஞ்சீதா வணக்கத்துடன் எழுதுவது.

இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னிக்கவும். தீமிதித் திருவிழாவுக்கு உங்களைச் சிறப்பு விருந்தாளியாக வரச் சொல்லும் கமிட்டியின் அழைப்பு இதே உறையில் இருக்கிறது. தலைவர் பிஜேந்திரா சொல்லச் சொல்ல அதை எழுதியதும் நான்தான். இது யாரும் சொல்லாமல் எழுதுவது. போனில் நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் 'நல்லா இருக்கேன் சித்தப்பா' என்பதற்கு மேல் எனக்கு வாய் வந்ததில்லை. என் தமிழ், சங்கம் நடத்தும் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருக்கும். ஆனாலும் உங்களுக்குப் படிக்க வரும், ரொனீலுக்கும் ப்ரீதிகாவுக்கும் வராது. உங்கள் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டாம் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது, மில் புகை வாசனை ஸ்கூல் வரை வருகிறது. பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் நிற்கும்போது மட்டும் எனக்குப் பேச்சு வருகிறது. அதனால் அடுத்த விஷயத்தை வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோயிலுக்கு நீங்கள் அனுப்பிய சோலார் பேனல்களைப் பற்றியது. டிசம்பரில் அவற்றைக் கூரைமேல் ஏற்றியபோது அமோகமாக வேலை செய்தன. டீசல் ஜெனரேட்டரின் இரைச்சல் இல்லாமல் அம்மனுக்கு முதன்முதலாகப் பூசை நடந்தது. ஏப்ரலுக்குப் பிறகு விளக்கு மங்கியது. மே மாதத்தில் மைக் பாதிப் பாட்டில் நின்றது. பிஜேந்திரா அங்கிள் பேட்டரியை ஓர் உதை விட்டு, "கராப் மால், கெட்ட சரக்கைக் கட்டி அனுப்பிட்டான் சுரேந்திரா, ஆஸ்திரேலியாவில விக்காதது நம்ம தலையில" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல, பிஜேந்திரா பாய்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஏணி போட்டு ஏறினேன்.

பேனல்மேல் விழும் வெளிச்சம் அதிலுள்ள சிலிக்கானில் எலக்ட்ரான்களைத் தட்டிக் கிளப்புகிறது. கிளம்பியவை கண்டபடி ஓடாமல் ஒரே பக்கமாக ஓடும்படி அதற்குள் ஒரு சரிவு செய்து வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டம்தான் கரண்ட். ஆனால் விழுகிற வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கரண்ட் ஆவதில்லை. பெரும்பகுதி சூடாகவே தங்கிவிடுகிறது. பேனல் சூடேறச் சூடேறக் கரண்ட் கூடும் என்று இங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். அது தவறு. பேனல் சூடேறினால் அது தரும் பவர் குறையும். அதனால் இந்த மே, ஜூன் குளிர்காலத்தில் அவை இன்னும் நன்றாக வேலை செய்திருக்க வேண்டும். பேனல்களில் குறை ஒன்றுமில்லை, நல்ல சரக்கைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். இதைச் சொல்லாமல் விட எனக்கு ஆசையாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

குறை உபயப் பலகையில் இருந்தது. 'உபயம்: சுரேந்திரா குடும்பத்தார், பிரிஸ்பேன்' என்று சிவப்பு எழுத்தில் எழுதி, ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று கூரையின் வடக்கு விளிம்பில், பேனல்களுக்கு முன்னால், கமிட்டி நிமிர்த்தி வைத்திருந்தது. டிசம்பரில் சூரியன் தலைக்கு மேலே இருந்ததால் பலகைக்கு நிழல் இல்லை. குளிர்காலத்தில் சூரியன் வடக்கே சாய்ந்ததும் உங்கள் பெயர் கீழ் வரிசை செல்கள்மேல் விழ ஆரம்பித்தது. கீழ் வரிசை மட்டும்தானே என்று தோன்றும். ஆனால் செல்கள் கைகோர்த்து நிற்பதுபோல் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை. ஒன்று நிழலில் மாட்டிக்கொண்டால் மற்றவற்றின் ஓட்டமும் அங்கே தடைப்படுகிறது. மற்றவை பாடுபட்டுத் தருவதை நிழலில் இருப்பது விழுங்கிச் சூடாக மாற்றிவிடுகிறது. இதைத் தடுக்க வைத்திருந்த சின்னப் பாகமும் ஒரு பேனலில் கெட்டுப்போயிருந்தது. அதில் இரண்டு செல்கள் கருகிப் பழுப்பாகியிருந்தன.

பலகையை இறக்க வேண்டும் என்று கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். பேர் போட்ட பலகையை எடுத்தால் பேர் போட்டவருக்கு அவமானமாச்சே என்றார்கள். பேர் வேண்டுமா லைட் வேண்டுமா என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து யாரோ, "வெங்கடசாமி மகளுக்கு நாக்கு முளைச்சிருச்சு" என்றார்கள், எல்லாரும் சிரித்தார்கள். ஆணிகளை நானே பிடுங்கினேன். வேறு ஒருவர் தான் ஏறுகிறேன் என்றார், நான் விடவில்லை. நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வோர் ஆணியும் வெளியே வரும்போது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கும் ஃபிசிக்ஸுக்கும் சம்பந்தமில்லை. அன்று சாயங்காலமே மைக் முழுப் பாட்டும் பாடியது.

ஏன் சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல் பன்னிரண்டு வருஷமாகப் பேசிவருகிறோம்.

தலைநகர் சுவாவில் கலகக்காரர்கள் பார்லிமெண்டைப் பிடித்துவைத்திருந்த அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. இங்கேயும் நம்மவர்கள் வீடுகளுக்குள் புகுந்து கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். லாரி நம் இரண்டு வீட்டுக்கும் பொது. முதலில் சித்தியையும் பிள்ளைகளையும் சவுசவு துறைமுகத்தில் கப்பல் ஏற்றிவிட்டு எங்களுக்காகத் திரும்பி வருவதாகச் சொன்னீர்கள். "அண்ணா, நீ ரோட்டுலயே நில்லு, லாரியை உள்ள திருப்ப நேரமில்ல" என்றீர்கள். நான் அம்மாவின் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ரோட்டிலேயே நின்றார். நம்மவர்கள் எல்லாரும் கரும்புக்குள் ஒளிந்திருந்த நேரத்தில் அவர் ஒருவர்தான் ரோட்டில் நின்றார். கத்தியோடும் தடியோடும் வந்தவர்களுக்கு அவர்தான் கிடைத்தார். பக்கத்து நிலத்துப் பூர்வகுடிக்காரர் ஸேமி ஓடிவந்து, தன் ஆட்களையே அதட்டித் துரத்தி, அப்பாவைத் தூக்கிப்போய்த் தன் வீட்டில் படுக்கவைத்தார். அப்பாவின் வலது கை இன்றுவரை மூடுவதில்லை. கரும்புக் கத்தி பிடித்த கை அது.

டீசல் தீர்ந்துவிட்டது, அதனால் திரும்ப முடியவில்லை என்று பிரிஸ்பேனிலிருந்து எழுதினீர்கள். அப்பா அந்தக் கடிதத்தை எல்லாரிடமும் காட்டினார். ஊர் அடங்கிய பிறகு ஸேமியும் அப்பாவும் சவுசவு கப்பல் துறைக்குப் போய், அங்கே நீங்கள் விட்டுப்போன லாரியைக் கொண்டுவந்தார்கள். நானும் கூடப் போனேன். ஸேமி லாரியிலேயே இருந்த சாவியைத் திருப்பினார், லாரி கிளம்பியது. மலை ஏறி இறங்கி வீடு வரைக்கும் அதிலிருந்த டீசலிலேயே வந்தோம். வழியில் எங்கும் நிறுத்தி ஊற்றவில்லை. அப்பா டீசல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் இறங்கும்போது, இதை அம்மாவிடம் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை.

உங்களை யாரும் இங்கே குற்றம் சொல்லவில்லை. எத்தனையோ பேர் அந்த வருஷம் போனார்கள், நான் அவர்கள்மேல் கோபப்பட்டதில்லை. பயந்ததற்காக உங்கள்மேலும் இல்லை. போகிறேன், திரும்பி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அப்பாவும் கரும்புக்குள் ஒளிந்திருப்பார்.

கமிட்டி உங்களைக் கூப்பிடப் போகிறது என்று கேட்டதிலிருந்து அப்பா ஒரு நிலையில் இல்லை. கடையில், மில் வாசலில், பார்க்கிறவர்களிடமெல்லாம் தம்பி வருகிறான் என்கிறார். உங்களோடு சேர்ந்து காப்புக் கட்டிக்கொண்டு தீ மிதிக்கப் போகிறாராம். விரல்கள் கூடவில்லை என்றாலும் கும்பிடும்போது கை நேராகத் தெரிய வேண்டுமென்று கண்ணாடி முன்னால் இடது கையால் வலது கையை அமுக்கிப் பார்க்கிறார். கமிட்டி உங்களுக்கு மாலை போடும், புதுப் பலகை ஒன்றும் வாசலில் வைக்கும். அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீங்கள் அழுவீர்கள், ஊரே பார்க்கும். அதோடு உங்கள் கணக்கு தீர்ந்துவிடும். அப்பா ஏற்கெனவே மன்னித்துவிட்டார், அவருக்கு அது சுலபம். நான் மன்னிக்கவில்லை, சித்தப்பா. அந்த நிம்மதி உங்களுக்குக் கிடைப்பதை நின்று பார்க்க என்னால் முடியாது.

சித்திக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு, அவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

இவ்வளவும் எழுதியது ஒன்று கேட்பதற்காகத்தான். அழைப்புக்கு, வர முடியாது என்று பதில் எழுதுங்கள். அப்பாவுக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். வேலை என்று சொல்லுங்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், எதைச் சொன்னாலும் அவர் நம்புவார். போன தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தீர்கள். இந்தத் தடவை வரமாட்டேன் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் ரோட்டில் போய் நிற்காமல் இருக்கட்டும்.

மாரியம்மன் உங்கள் எல்லாரையும் அங்கேயே நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்
ரஞ்சீதா