பூகம்பத்தின் மேல் போட்ட பழி

கத்தானியா, மார்ச் 9

அன்பு நண்பன் ஒராசியோவுக்கு,

ஸ்டுட்கார்ட்டில் நீயும் உன் மனைவியும் நலமென்று நம்புகிறேன். உன் மகள் எர்சிலியாவின் உயிருக்கு ஆபத்தில்லை. தாடை உடைந்து, கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. இடது காது இனிக் கேட்காது என்கிறார் மருத்துவர். அவளுடைய வழக்கறிஞன் என்ற முறையில், உறுதிசெய்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

தாக்கப்பட்ட அன்று காலை அவள் வழிகாட்டியாகச் சுற்றுலாப் பயணிகளுடன் மீனங்காடிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் தேவாலயத்தின் முகப்புக்கு வந்தாள். நம் ஊர் வழிகாட்டிகளின் வழக்கம் நீ அறிந்ததே. மூக்கில்லாத சிலையோ கையில்லாத புனிதரோ, எது குறைந்திருந்தாலும் பழைய பூகம்பத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள், யாருக்கும் சங்கடமில்லை. வாசலுக்கு மேலிருந்த இரண்டு பளிங்குத் தேவதூதர்களுக்கும் ஜனவரி வரை தலை இருந்தது. அந்தத் தலைகள் அறுத்து விற்கப்பட்டன என்று எர்சிலியா பயணிகளிடம் சொல்லிவிட்டாள்.

எதிரே கல்லறுக்கும் பட்டறை வைத்திருக்கும் யானோ சிரித்துக்கொண்டே வந்து, "ஏம்மா டீச்சர், பூகம்பத்துல போச்சுன்னுதானே உங்க ஆளுங்க எல்லாரும் சொல்றாங்க? நீ மட்டும் தனியாப் படிச்சியா?" என்று கேட்டானாம். இவள், "இவ்வளவு நேரா அறுத்திருக்கே யானோ, கை நடுங்காத பூகம்பம் போல!" என்றாளாம். மீன்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பே அவனை வெறிகொள்ளச் செய்தது என்பது என் ஊகம்; சான்றன்று.

பயணிகளுக்கு அடையாளமாக அவள் உயர்த்திப் பிடித்திருந்த குடையை யானோ பிடுங்கி, அதன் பிடியால் வாயில் அடித்தான். விழுந்தவளைத் தலைமுடியைப் பற்றித் தூக்கி, முகத்தைக் கற்படியில் மோதினான். மீண்டும் மீண்டும் மோதினான். ஒவ்வொரு முறையும் "இப்ப சொல்லு, எது உடைச்சுது?" என்று கேட்டான். தடுக்க வந்த, மிலானோ நகரத்து முதிய பயணி ஒருவரின் விலா எலும்புகளை உதைத்து முறித்தான். எனக்கு இதைச் சொன்னவர் அவரே. ஆனால் நீதிமன்றத்துக்கு வரமாட்டாராம், மகன் விடமாட்டானாம். சிரித்த மீன்காரர்களோ, மீன் கழுவக் குனிந்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்று காவலர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சென்ற சனிக்கிழமை என் கார் எரிந்தது. இதற்கும் வழக்குக்கும் தொடர்பு காட்ட என்னிடம் ஆதாரமில்லை. என் மனைவியை அவள் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நேற்று நீ எர்சிலியாவைத் தொலைபேசியில் அழைத்தபோது நான் அருகில் இருந்தேன். "விட்டுடும்மா, நமக்கு எதுக்கு இந்த வம்பு? எல்லாரும் சொல்றதையே நீயும் சொல்லிட்டுப் போயிடு" என்று நீ கெஞ்சியது எனக்கும் கேட்டது. தாடை கட்டப்பட்டிருந்த அவள் நீ பேசி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நேற்று முழுவதும் எதையும் குடிக்கவில்லை.

சட்டத்தைச் சொல்வது என் கடமை. புகாரைத் திரும்பப் பெற்றாலும் வழக்கு நடக்கும்; அவள் சாட்சி சொல்லாவிட்டால், இப்போது காவலில் இருக்கும் யானோ வெளியே வருவான். சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. சாட்சி சொல்வேன் என்று அவள் தாளில் எழுதிக் காட்டிவிட்டாள். ஏப்ரல் முதல் வாரம் விசாரணை. அதற்குள் கம்பியை எடுத்துவிடுவார்கள்.

அன்று யானோவின் உறவினர் முன்வரிசையை நிரப்பிவிடுவார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கும்போது அவர்களுக்கு நடுவே அவளுடையவர் ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும். நீ ஒன்றும் பேச வேண்டாம், ஒராசியோ. வந்து உட்கார், போதும்.

நம் ஊரைக் காக்கும் புனித அகத்தா நம் பிள்ளையையும் காக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
நுன்சியோ