உப்பைத் தொட்டுச் சொன்னது

எலவனாசூர்கோட்டை
5.8.2025

தமிழ்ப்ரியாவுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. இரண்டு ஞாயிறு கூட்டத்துக்கு வராதவளுக்குக் கடிதம் போடுவது நம் வழக்கம், அதனால் எழுதுகிறேன். புருஷனைப் பறிகொடுத்த பதினோரு பேர் நாம். இங்கே பேசியது வெளியே போகாது என்று உப்புக் கிண்ணத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தோம். நீயோ கள்ளக்குறிச்சியில் மனநல டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாயாம். நாங்கள் என்ன பைத்தியங்களா? சோறு இறங்காமல் கிடந்த உனக்கு ஊட்டிவிட்டது நான். இதுதான் அதற்கு மரியாதையா? மாத்திரையை நிறுத்திவிட்டு வருவதானால் வா.

செந்தமிழ்ச்செல்வி

சின்னசேலம்
9.8.2025

செல்வி அக்காவுக்கு,

நீங்கள் ஊட்டிய சோற்றை மறக்கவில்லை. அதற்காக வாயைக் கட்டிக்கொள்ள முடியாது. டாக்டரிடம் என் கதையை மட்டும்தான் சொன்னேன்.

சித்திரையில் கூட்டத்தில் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "கெணத்தாண்ட போனா எட்டிப் பாத்துக்கினே நிக்கறேங்க்கா." எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதீர்கள், டீ கொடுத்தீர்கள். உப்பைத் தொட்டதால் என் அம்மாவிடம்கூட ஒருவரும் சொல்லவில்லை. நான் செத்திருந்தால் அந்தச் சத்தியத்தை வைத்து என்ன செய்திருப்பீர்கள்? மாத்திரை போட்ட பிறகுதான் தூங்குகிறேன். நிறுத்தமாட்டேன்.

நான் கடைசியாக வந்த அன்று அபிநயாவும் அதையே சொன்னாள். நானும் உப்புக்குப் பயந்து மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. தபாலை நம்பாமல் இதை இன்றைக்கு உங்கள் ஊருக்கு வரும் பச்சமுத்து அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் கூட்டம் முடிந்ததும் அவளைத் தனியாக விடாதீர்கள். திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் அவள் அண்ணன் சிவசங்கரிடம் நானே சொல்வேன். சத்தியம் முறிந்தால் முறியட்டும்.

தமிழ்ப்ரியா

கள்ளக்குறிச்சி
12.8.2025

தமிழ்ப்ரியாவுக்கு,

என்னை மிரட்டி எழுதியதை மன்னிக்கவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

அபிநயாவை நேற்றுக் கூட்டிவந்தேன். டாக்டரம்மா நேராகவே கேட்டார்கள். அவளும் நேராகவே சொன்னாள். நாள் குறித்து வைத்திருந்தாளாம். புதன்கிழமை, அதாவது நாளைக்கு. வாரா வாரம் என் மடியில் படுத்து அழுதவள் அதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. நானும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சிவசங்கருக்கு நானே சொல்லிவிட்டேன். அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இப்போது தூங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமையும் நான் இங்கேதான் இருப்பேன். கூட்டத்தை நீ நடத்து. உப்புக் கிண்ணம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அதை எடுக்காதே. நான் ஊருக்கு வந்த பிறகும் உன்னோடு பேசமாட்டேன்.

செந்தமிழ்ச்செல்வி