துணியின் பின்பக்கம்

1943 ஜனவரி 11, திங்கள்

மதராஸிலிருந்து பித்தளை வளையங்கள் இன்றுதான் வந்தன. அறுபது கேட்டிருந்தோம், வந்தது நாற்பத்தெட்டு. யுத்தத்தில் பித்தளை கிடைப்பதில்லையாம். மூன்று நசுங்கியிருக்கின்றன. ஈஸ்டருக்குள் அத்தனையும் புரூச்சாகிப் போய்ச் சேர வேண்டும் என்று மிஷன் துரைசானி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தையல் அறையில் ஒன்பது பெண்கள். கட்டைவிரல் நகம் அளவு கான்வாஸில், பட்டு நூலால், ரோஜா, கிளி, மயில் என்று தைத்துக் கொடுப்பார்கள். அதை அட்டை மேல் இழுத்துக் கட்டி, வளையத்துக்குள் உட்கார்த்தி, பின்னால் ஊசி பொருத்துவது என் வேலை. பசை போடமாட்டேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நூலால்தான் கட்டுவேன். துரைசானிமார்கள் மார்பில் குத்திக்கொள்கிற பொருள். ஒரு இழை கோணினாலும் மயில் நொண்டியாகிவிடும்.

ஜனவரி 20

அம்சா ஐந்து மயில் கொண்டுவந்தாள். இவள் கை யாருக்கும் வராது. மதராஸில் முதலில் விற்றுப்போவதெல்லாம் இவளுடையதுதான். பொதட்டூர்பேட்டைக்காரி. நூல் கிடைக்காமல் தறி நின்றுபோனதும் புருஷன் பங்காருவோடும் மூன்று வயது மணியம்மையோடும் இங்கே குடிவந்தவள். வீடு ஓடுவது இவள் தையலில்.

கட்டுவதற்குத் திருப்பினேன். பின்பக்கம் பழுப்பாகச் சிறு சிறு புள்ளிகள். ரத்தம்.

"கைய குத்திக்கினியா?"

"இல்லியேக்கா."

இடது மோதிர விரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனியில் காய்ந்த புள்ளிகள், நான்கைந்து. "அட, ஆங்... எப்ப குத்திச்சோ தெர்ல" என்று சிரித்தாள்.

பிப்ரவரி 4

இன்று வந்த நான்கிலும் புள்ளி.

என்னைப் பெற்ற நைனா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று அவர் ஊசியால் சோதிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அம்சாவைத் தனியாகக் கூப்பிட்டேன். கண்ணை மூடச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். இடது சுண்டுவிரலில் ஊசியை வைத்து அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். ரத்தம் துளிர்த்தது.

"இன்னும் குத்தலியாக்கா நீங்க?"

கண்ணை மூடியபடியே கேட்டாள். குத்தவில்லை, விளையாட்டு முடிந்தது என்றேன். முழங்கைக்குக் கீழே வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. தேமல் என்கிறாள்.

பிப்ரவரி 5

அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன்.

பிப்ரவரி 9

இந்த வியாதிக்கு ஆரம்பத்திலேயே எண்ணெய் மருந்தை ஊசியாகப் போட்டுவந்தால் விரல்கள் பிழைத்துக்கொள்ளும் என்று நைனா சொல்வார். அவர் இருந்திருந்தால் அன்றைக்கே வண்டி பிடித்திருப்பார்.

ஆனால் வெளியே தெரிந்தால்? தையல் அறையை மூடிவிடுவார்கள். ஒன்பது வீட்டு அடுப்பு. அம்சாவைத் தெருவில் யாரும் நிற்க விடமாட்டார்கள். பங்காரு என்ன செய்வான்?

இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவள் போய்விட்டால் மயில்கள் இல்லை, மயில்கள் இல்லாவிட்டால் இந்த ஆர்டர் இல்லை. அதுவும் உண்மை. எது முதலில் மனதில் வந்தது?

ஈஸ்டர் முடிந்ததும் சொல்லிவிடுவேன்.

மார்ச் 16

உப்பு போட்ட குளிர்ந்த நீரில் நனைத்தால் கறை போய்விடுகிறது. நிழலில் காயவைத்துக் கட்டுகிறேன். இன்று பன்னிரண்டு முடிந்தது.

ஏப்ரல் 27

பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் மெத்தத் திருப்தியாம். ஆகஸ்டுக்கு இன்னும் நாற்பது, மயிலே வேண்டும் என்கிறார்களாம்.

"முடியுமா ரெபேக்காள்?" என்று துரைசானி கேட்டார்.

முடியும் என்றேன். ஐயோ, முடியும் என்றுதானே சொன்னேன்.

ஜூலை 24, சனி

ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. தெரு முழுக்கக் காவடி. அந்த நெரிசலுக்குள் அம்சா இடது கையில் கந்தல் சுற்றிக்கொண்டு வந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். உள்ளங்கையில் தோல் உரிந்து தொங்கியது.

"சோத்துப் பானைய எறக்கினேன்க்கா. வாட அடிச்ச பொறவுதான் கைய பாத்தேன். சுடவே இல்லக்கா. ஏங்க்கா சுடல?"

கடைசி இரண்டு விரல்களும் உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தன. எப்போதிலிருந்து? தினமும் இந்தக் கையிலிருந்துதானே வாங்கிக்கொண்டிருந்தேன். நான் பார்த்ததெல்லாம் துணியை.

சொல்லிவிட்டேன். குஷ்டரோகம் என்று வாய் திறந்து சொன்னேன். இப்போதுதான் கண்டுபிடித்தவள் மாதிரி சொன்னேன்.

அவள் அழவில்லை. "மணியம்மைக்கு வந்துடுமாக்கா?" என்றுதான் கேட்டாள்.

ஜூலை 27

துரைசானியிடம் சொன்னேன். கட்டாமல் வைத்திருந்த மயில்களையெல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தச் சொன்னார். நூல் வழியாக வியாதி ஒட்டாது என்று நைனா சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மூன்று பெண்கள் இன்று வேலைக்கு வரவில்லை.

சாயங்காலம் பங்காரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே நின்றான். "கொழந்தய புத்தூர் இட்டுகினு போறேன் டீச்சரம்மா. எங்கம்மா கீது அங்க. இவள... நீங்களே பாத்துக்கோங்க." சொல்லும்போதே அழுதுவிட்டான். எந்த வாயால் அவனைத் திட்டுவேன்?

அம்சா தெருவின் மறுபக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவளிடம் தாவியது. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 3

அரக்கோணத்தில் வண்டி மாறிச் செங்கல்பட்டு குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த வியாதிக்காரர்களை ரயிலில் ஏற்றமாட்டார்கள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் பரிசோதகர், "அம்மாளுக்கு என்ன உடம்பு?" என்றார். தீட்டு என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் என் காலைத் தொடக் குனிந்தாள். தடுத்தேன்.

1944 செப்டம்பர் 17, ஞாயிறு

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாதாமாதம் போவேன் என்று வாக்குக் கொடுத்தவள், போனது இது மூன்றாவது தரம்.

வியாதி அடங்கிவிட்டது என்கிறார் டாக்டர். இடது கையில் இரண்டு விரல் இனி நிமிராது. நான் கேட்காமலே சொன்னார்: "ஆறு மாசம் முன்னால கூட்டிட்டு வந்திருந்தா விரல் தப்பியிருக்கும்."

அம்சா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. "நீங்க பாத்ததாலதான் இந்த மட்டுக்குமாவது கீறேன்க்கா. வேற யாரு சொல்லியிருப்பா?" என்றாள். போன இரண்டு தரமும் இதையே சொன்னாள். இரண்டு தரமும் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

இன்று முடியவில்லை. "பிப்ரவரியிலயே தெரியும் அம்சா. கண்ண மூடச் சொல்லி ஊசி குத்தினேனே, அன்னைக்கே தெரியும்" என்றேன்.

மடங்கிய விரல்களை மற்றக் கையால் பிரிப்பதும் விடுவதுமாக இருந்தாள். பிறகு கேட்டாள்:

"ஆர்டர் முடிஞ்சிதா?"

ஈஸ்டர் ஆர்டர் முடிந்தது என்றேன்.

எழுந்து வார்டுக்குள் போய்விட்டாள். பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை காத்திருந்தேன். வெளியே வரவில்லை.

செப்டம்பர் 18

தையல் அறை வேலையை விட்டுவிட்டேன். காரணம் கேட்டார் துரைசானி. கண் மங்குகிறது என்றேன். இன்னொரு பொய்.

அக்டோபர் 30

அம்சாவுக்கு எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. யாரையாவது படித்துக் காட்டச் சொல்லியிருப்பாளா? கிழித்திருப்பாளா?

நவம்பர் 14

இன்று தபால்காரர் ஒரு கார்டு கொடுத்தார். செங்கல்பட்டு முத்திரை. வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், பென்சிலில்.

"மணியம்மை புத்தூரில் எப்படி இருக்கிறாள் என்று போய்ப் பார்க்கவும். அவள் தோலை நன்றாகப் பார்க்கவும். பார்த்த உடனே எழுதவும். அம்சா."

அவ்வளவுதான். சுகமா என்று கேட்கவில்லை. அக்கா என்று கூடப் போடவில்லை. 'உடனே' என்ற சொல்லின் கீழ் கோடு போட்டிருந்தது.

காலையில் புத்தூர் வண்டிக்குப் போகிறேன்.