இடது கண், இடது கை

என் நைனாவுக்கு,

ஹாஸ்டலிலிருந்து எழுதும்போதெல்லாம் 'தாங்கள்', 'தங்கள்' என்று எழுதுவேன். அதைப் புத்தூர் கடையில் வெற்றிலை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் நீ படித்துக் காட்டுவாயாம், அம்மா சொல்லுவாள். நேரில் எனக்கு நீ எப்போதும் 'நீ'தான். இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் படித்துக் காட்டப்போவதில்லை. அதனால் வாயில் வருகிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போய்விட்டது, நாம் ஆந்திராவிலேயே இருக்கிறோம். உன் கடையில் ஐந்தாறு வருடம் இதே பேச்சுதானே? முடிவு தெரியாமலே போய்விட்டாய். அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போறதுன்னா யார்னா நிறுத்திக் கேப்பாங்களா?" என்றாள். கேட்க மாட்டார்கள் என்று சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

இனி என் செய்தி. நீ போய்ச் சேர்ந்த வருடமே டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சையில் தேறினேன். இப்போது சித்தூர் ஆசுபத்திரியில் கண் வார்டில் இருக்கிறேன். கண் வைத்தியத்துக்கென்றே இரண்டு வருடப் பயிற்சி ஒன்று இருக்கிறது, அதை முடித்தால்தான் தனியாக அறுவை செய்ய விடுவார்கள். அதற்கு மனுப் போட்டேன். போடாமலே இருந்திருக்கலாம் என்று அன்று முதல் தினமும் நினைத்தேன். எனக்கு அவ்வளவு பயம்.

மனுவோடு இந்த மாநிலத்துக்காரி என்று சான்றிதழ் வைக்க வேண்டும். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நான் பேசிய தெலுங்கைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "மீரு அரவமா?" என்றார். தமிழா என்று கேட்கிறார். "வூட்ல தமிழு சார். பொறந்து வளந்தது எல்லாம் இந்த ஜில்லாதான்" என்றேன். "பார்டர் ஊர்க்காரங்க பேப்பர் எல்லாமே தலைநொப்பி அம்மா" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நாலு தடவை நடந்தபிறகு கையெழுத்து வந்தது. ஆனால் நான் பயந்தது சான்றிதழுக்கு இல்லை, நைனா. என் கைக்கு.

கண்ணில் புரை எடுப்பது எப்படி என்று உனக்குச் சொன்னதில்லை. நோயாளியைப் படுக்க வைத்து, தலைமாட்டில் நின்றுகொண்டு, ஊசி போல மெலிந்த ஒரு கத்தியைக் கண்ணின் வெளி ஓரத்தில் நுழைத்து, மூக்குப் பக்கம் வெளியே எடுத்து, மேலே அறுத்துக்கொண்டு வர வேண்டும். வலது கண் என்றால் வலது கை. இடது கண் என்றால் இடது கை. கத்தி உள்ளே போனபின் நிற்கக் கூடாது. நின்றால் கண்ணுக்குள் இருக்கும் நீர் ஒழுகிவிடும், உள்ளே இருக்கும் கறுப்புத் திரை கத்தியின் மேலேயே வந்து விழும். பிறகு பார்வைக்கு யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது.

அதற்காகவே கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுக் கண் வாங்கிவந்து பழகுவோம். கூட வேலை செய்கிற நர்ஸ் ரெஜினா அக்கா காலையிலேயே தூக்குப் போசியில் கொண்டுவந்து வைத்துவிடுவாள். முதல் நாள் நான் இரண்டு கையாலும் அறுத்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உனுக்கு பீச்சாங்கைதான் நல்லா ஓடுது. அதைப் போயி மறைச்சிக்கினு இருக்கியே" என்றாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. திருட்டுப் பொருளோடு பிடிபட்டது போலக் கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டேன்.

ஏன் மறைத்தேன் என்று உனக்குத் தெரியாதா?

நீ வெற்றிலைக் கடைக்காரன். வெற்றிலையை இடது கையால் நீட்டினால் எவன் வாங்குவான்? நல்ல காரியத்துக்கு வாங்க வந்தவன் வாசலிலேயே திரும்பிப் போவான். உன் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக ஐந்து வயதுப் பிள்ளையின் கையை வெற்றிலைக் கவுளி கட்டுகிற வாழைநாரால் இடுப்போடு கட்டிப்போடுவார்களா? அவிழ்த்துவிட்டபின் மறுபடி அந்தக் கை சோற்றுக்குப் போனால் கை முட்டியில் ஓங்கி ஓர் அடி. சாயங்காலம் நீயே பக்கத்தில் உட்கார்ந்து நார் அழுந்திய தடத்தில் தேங்காயெண்ணெய் தடவுவாய். அடித்ததற்கு நான் அழ மாட்டேன், அந்த எண்ணெய்க்குத்தான் அழுவேன்.

திருப்பதியில் நேர்காணல். சித்தூரில் பஸ் ஏறினால் வண்டி முழுக்க மலைக்குப் போகிறவர்கள். பக்கத்தில் இருந்த அம்மாள், "நீயும் முடி குடுக்கத்தான் போறியா கண்ணு?" என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன். பாகாலா தாண்டும்வரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே மூன்று பேர். ஓரத்தில் இருந்தவர் முதலில் கேட்டது, பெண்களுக்குப் பிரசவ வைத்தியம் இருக்கும்போது உனக்கு எதற்கம்மா கண் என்று. மனப்பாடம் செய்துவைத்த பதில் மறந்துபோனது. பார்த்ததைச் சொன்னேன். எங்கள் வார்டுக்கு ஆண்கள் பார்வை மங்கின உடனே வந்துவிடுகிறார்கள். பெண்களை முழுசாக இருண்டபின்தான் கொண்டுவருகிறார்கள், சிலரைக் கொண்டுவருவதே இல்லை, அடுப்படியில் தடவித் தடவி வேலை நடந்துவிடுகிறது என்று விட்டுவிடுகிறார்கள். இமையைத் தூக்கிப் பார்ப்பது ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள் சார் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்புறம் அடுத்த அறை. மேசைமேல் மூக்கோடு செதுக்கின ஒரு மரமுகம், கண் இருக்க வேண்டிய இரண்டு குழியிலும் ஆட்டுக் கண். வலது கண்ணை வலது கையால் அறுத்தேன், நன்றாகவே வந்தது. "இப்போ எடம கண்ணு" என்றார் நடுவில் இருந்தவர்.

மூன்று பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நைனா. உன் வயதுக்காரர்கள். இடது கை கத்தியிடம் போனது, பாதியில் நின்றுவிட்டது. முட்டி தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்குள் வலது கை கத்தியை எடுத்து, அந்த மரமூக்கைத் தாண்டிக்கொண்டுபோய் இடது கண்ணில் குத்திவிட்டது. கோணலாக இறங்கிற்று. பயத்தில் நிறுத்திவிட்டேன். நீர் ஒழுகியது, திரை கத்தியின் மேல் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"எந்துகம்மா ஆ சேயி?" என்றார் நடுவில் இருந்தவர். ஏன் அந்தக் கை என்கிறார்.

தெலுங்கும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. இருபத்தாறு வயது டாக்டர் சொன்ன பதில் இது: "நைனா அடிக்கும் சார்."

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "உங்க நாயனா வெளிய இருக்காரா?" என்று தனக்கு வந்த தமிழில் கேட்டார்.

"இல்ல சார். செத்துப்போச்சி. ரெண்டு வருசம் ஆவுது."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கிண்ணத்திலிருந்து வேறொரு கண்ணை எடுத்துத் தன் கையாலேயே குழியில் பொருத்தினார். "கானிம்மா" என்றார். ஆகட்டும், செய் என்று.

இடது கையில் கத்தியை எடுத்தேன். தோள் தூக்கிக்கொண்டது, கழுத்து சுருங்கியது, முட்டியில் விழப்போகும் அடிக்காக உடம்பு முழுக்கக் காத்துக்கொண்டு நின்றது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அடி விழவில்லை. கத்தி உள்ளே போனது, மூக்குப் பக்கம் வெளியே வந்தது, நிற்காமல் மேலே ஏறி முடிந்தது. அவ்வளவு சுத்தமாக நான் அதுவரை அறுத்ததே இல்லை.

கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன், நைனா. ஊர்ப்பட்ட சத்தம். பாவம் அந்த மூன்று பேரும், கண்ணைக் கெடுத்ததற்காக அழுகிறேன் என்று நினைத்து, "பாகா சேசாவம்மா, பாகா சேசாவு" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நன்றாகச் செய்தாயாம். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று எனக்குக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உன் தங்கச்சியே சொன்னாள். பரீட்சைக்குத் திரும்பிப் போய் எழுதினேன், தேறினேன், சம்பளத்துக்கு வந்தேன், அத்தனை நாளும் நீ புத்தூர் கடையில் உட்கார்ந்திருப்பதாகவே உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அந்த அடி விழாதபோதுதான் நீ செத்துப்போனது எனக்குத் தெரிந்தது.

நேற்று தபாலில் உத்தரவு வந்தது. எனக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் சேர வேண்டும். அம்மா கடிதத்தைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். நான் மட்டும் பயந்துகொண்டு இருக்கிறேன். ஆட்டுக் கண் வலிக்கிறது என்று சொல்லாது. இனிமேல் என் கத்திக்குக் கீழே படுக்கப்போகிறவர்கள் பேசுவார்கள், "கண்ணு தெரியுமா தாயி?" என்று கேட்பார்கள். என் தோள் ஒரு நொடி தூக்கிக்கொண்டால் ஒருத்திக்கு ஆயுள் முழுக்க இருட்டு.

உன்மேல் கோபம் இருக்கிறதா? இருக்கிறது. அது எங்கே போகும்? ஆனால் நீ ஒருதரம் உயிரோடு வந்து அடித்தால் வாங்கிக்கொள்ளுவேன் என்பதும் நிஜம்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இடது கண் என்று யார் வந்து படுத்தாலும் அந்தக் கையால்தான் அறுப்பேன். கத்தி உள்ளே போனபின் உனக்காகக் காத்துக்கொண்டு நிற்க மாட்டேன். நின்றால் கண் போய்விடும், நைனா. அழுகிறதை எல்லாம் வெளியே வந்து அழுதுகொள்கிறேன்.

நீ அடித்தும் எண்ணெய் தடவியும் வளர்த்த
உன் மூத்த பெண்,
கோமளா
சித்தூர்