நாற்றம் போன கிணறு

அசட்டுத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. உங்கள் முகாமில் செல்போன் எடுக்காது. அதனால் காலிப் புட்டிகளோடு இதையும் வேன் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். கையில் வாங்கியதும் நின்ற இடத்திலேயே படி.

இந்தமுறை நீ அனுப்பிய மாதிரிப் பெட்டியை லேபில் நானே பிரித்தேன். நீ எதிரில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியின் வாய்வரை, ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் நிரப்பு என்று படித்துப் படித்துச் சொன்னேனா இல்லையா? வேன் குலுக்கலில் சிந்துகிறது என்று ஓட்டுநர் முணுமுணுத்தாராம். உடனே என் தம்பித் துரை இரண்டு விரற்கடை காலி விட்டு மூடிவிட்டார்! பாறைக்கடியில் வாழும் அந்தக் கிருமிகளுக்குக் காற்றுப் பட்டால் ஆகாதுடா. போன மாதமும் இப்படித்தான் அனுப்பியிருக்கிறாய்; அவை வழியிலேயே செத்துவிட்டன. வளர்த்துப் பார்த்தோம், ஒன்றும் முளைக்கவில்லை. கிணறு சுத்தம் என்று போன மாதமே அறிக்கை போய்விட்டது. உங்கள் மேனேஜர் அதையே சாக்காக வைத்து, அந்தக் கிருமிகளை அடக்கக் கிணற்றில் விடும் நைட்ரேட் மருந்தை நிறுத்திவிட்டார்.

எண்ணெயை மேலே தள்ள நீங்கள் கடல் தண்ணீரை உள்ளே இறக்குகிறீர்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் சல்பேட் உப்பு அந்தக் கிருமிகளுக்கு விருந்து. தின்றுவிட்டு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயுவை விடும். மருந்து இருந்தவரை வேறு கிருமிகள் பெருகி இவற்றைப் பட்டினி போட்டு வைத்திருந்தன. இப்போது கேட்க ஆளில்லை.

இந்த லட்சணத்தில் பெட்டிக்குள் ஒரு சீட்டு வேறு. "போன வாரம் கிணத்துப் பக்கம் ஒரே நாத்தம், தலைவலி. இப்ப நாத்தமே இல்லக்கா, சரியாயிடுச்சு. முகமூடியைக் கழட்டிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய்.

சரியாகவில்லையடா, பாவி! அந்த வாயு கொஞ்சமாக இருந்தால்தான் நாறும். அதிகமானால் முதலில் மூக்கு மரத்துப்போகும். அடுத்தது ஆள்தான்.

மேனேஜருக்குப் போன் போட்டுக் கரடியாய்க் கத்தினேன். "நாத்தமே இல்லைங்க மேடம், உங்க லேப்தானே சுத்தம்னு சொல்லுச்சு" என்கிறார். உன்னைக் கூப்பிடுங்கள் என்றால் வேலை நேரம் என்று வைத்துவிட்டார். எனக்கு வாயில் நன்றாக வருகிறது. அறிக்கை தப்பு, கிணற்றை மூடுங்கள் என்று தலைமை அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டேன். கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம்!

உன் மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். பல்வலி என்றேன்.

வேலை போனால் மயிரே போச்சு என்று விடு. கிணற்றுப் பக்கம் போகாதே, கூட இருப்பவர்களையும் விடாதே. அங்கே எவனாவது விழுந்து கிடந்தால்கூட, காற்று சிலிண்டர் முகமூடி மாட்டாமல் கிட்டே ஓடாதே. உன்னை எனக்குத் தெரியும், ஓடுவாய். அதுதான் எனக்குப் பயம்.

வேன் நாளை சாயங்காலம்தான் அங்கே வரும். பெட்டியை நீயே கைநீட்டி இறக்கவேண்டும். நூறு வயது இருந்து என்னோடு சண்டை போடடா, என் ராசா.

உன்மேல் கொலைக் கோபத்தில் இருக்கும்,
அக்கா