கதைப் பெண்ணுக்கு வைத்த பெயர்

தென்காசி

அன்புள்ள மகளுக்கு,

உன் கொல்லம் விலாசத்தை உன் சிநேகிதி பெர்சிஸ்தான் கொடுத்தாள். அவளைக் கோபிக்காதே. ஒரு சம்மதம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். வீட்டில் சொல்லாமல் செங்கோட்டையில் ரயிலேறிப் போன ஒரு பெண், மூன்று வருடம் கழித்துத் திரும்பி வருகிற கதை. உன் பெயர் எங்கேயும் வந்துவிடக் கூடாதே என்று பயந்து, குற்றாலத்தை நினைத்து அவளுக்கு 'அருவி' என்று பெயர் வைத்தேன். அப்பாதான் தன் கம்ப்யூட்டர் கடையில் டைப் அடித்தார்.

நேற்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அருவி என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் உன் பெயர். நீ போன நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று அவர் தடுத்த பெயர்.

"என்னங்க இது?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏட்டி, அருவின்னு பேரு வச்சா, விழுந்த தண்ணி திரும்ப மேல ஏறுமா? இந்தப் பிள்ள வீட்டுக்கு வரணும்லா," என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. ஊர் படிக்கும். உன் மாமியார் வீட்டுக்கும் தெரியவரும். உன்னைக் கேட்காமல் அந்தப் பெயரை விட்டுவைக்கவும் பயமாக இருக்கிறது, அதை அடித்து நீக்கவும் கை வரவில்லை.

சரியென்றாலும் வேண்டாமென்றாலும் போனில் சொல். எனக்கு வேண்டாம், அப்பா நம்பருக்கே கூப்பிடு. அவர் எடுப்பார்.

உன் குரலை எதிர்பார்த்திருக்கும்
அம்மா