மூன்று படிப்புக்கு மூன்று குழந்தைப் பருவம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்காலும் நலம், அதைப் பற்றி உன் அண்ணன் போனில் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறாய், நம்பியதாகவே வைத்துக்கொள்.

மேற்படிப்புக்கு நீ எழுதிய மூன்று விண்ணப்பக் கட்டுரைகளும் வந்தன, ஆங்கிலத்தைத் திருத்தச் சொன்னாய், திருத்திவிட்டேன். நகரமைப்புக்கு எழுதியதில், சின்ன வயதிலேயே சாலை நெரிசலைப் பார்த்து மனம் நொந்தாயாம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்புக்கு எழுதியதில், இடிந்த சுவர்களைத் தடவிக்கொண்டே வளர்ந்தாயாம். பூங்கா வடிவமைப்புக்கு எழுதியதில் தோட்டம்தான் உன் முதல் பள்ளிக்கூடமாம். உன்னைப் பெற்று வளர்த்தவள் நான், எனக்குத் தெரிந்து உனக்கு ஒரே ஒரு குழந்தைப் பருவம்தான், அதில் நீ ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியதில்லை. பொய் சொல்லக் கூடாது என்றுதான் கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆளுக்கொரு பொய்யாகச் சொல்லலாம் என்று சொல்லவில்லை. உன் அத்தை வேறு நேற்று வந்து, ஐந்து வருஷம் ஆர்க்கிடெக்சர் படித்தவளுக்கு இன்னுமா வீடு கட்டத் தெரியவில்லை, வாத்தியார் சரியில்லையோ என்று கேட்டாள். உனக்காகப் பரிந்து பேசி அனுப்பினேன், அவள் படியிறங்கியதும் எனக்கும் அதே சந்தேகம் வந்தது.

கட்டுமானத் தொழில்நுட்பம் என்று நாலாவதாக ஒன்று இருப்பதை நீதான் சொன்னாய், கற்பனை வறண்டவர்கள் படிப்பது என்றும் நீயே முகம் சுளித்தாய். ஆனால் பயிற்சிக்குப் போன இடத்தில் நீ வரைந்த மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் உயரமாகிப்போய் ஏறியவர்கள் எல்லாம் இடறினார்களே, மேல்தளத்தில் ஒட்டும் டைல்ஸின் தடிமனை உயரக் கணக்கில் சேர்க்க மறந்ததை அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசிப் பேசித் தலைவலி வரவழைத்தாய். உடைத்து மறுபடி கட்டியதும் சிரித்துக்கொண்டே போன் செய்தாய். சாலை நெரிசலைப் பற்றி நீ ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. தோழிகள் நிற்கிறார்கள் என்று எந்த வரிசையிலும் போய் நிற்காதே, பிடிக்காததை இரண்டு வருஷம் படித்துவிட்டு என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டைதான் கொடுப்பேன்.

மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன், ஆங்கிலத்தில் இனி குறையில்லை, உண்மை உன் பாடு. நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் கடவுள் தரட்டும். மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போக வேண்டும் என்றாய். அந்த மாடிப்படியைப் பற்றி எழுதுவதானால் திருத்த எனக்கு அனுப்பாதே, பிழை இருந்தால் இருக்கட்டும், அப்படியே போகட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா